எட்டாவது அடிக்குப் பிறகு

ஓர் ஓசையை அழகாக்கிவிட்டால், அதற்குப் பிறகும் அதனால் எச்சரிக்க முடியுமா? ஷாமிளாவின் வாழ்க்கையை யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. பதில் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

குருவிட்டவிலிருந்து உள்ளே போகும் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் நீலகந்த தோட்டம் வரும். மேட்டில் தேயிலை, சரிவில் ரப்பர். கீழ் லயத்தில் ஒரே வரிசையாக இருபத்தெட்டுத் தொழிலாளர் வீடுகள். அவற்றின் முதுகுக்குப் பின்னால் எழும் மலையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, ஒரு கால் நுழையும் அகலத்துக்கு வெடிப்பு விழுந்திருந்தது. அதிகாரிகள் வந்து அளந்து எழுதிக்கொண்டு போனார்கள். மலை நகர்ந்தால் கீழ் லயத்துக்குக் கிடைப்பது சில நிமிஷங்கள்தான் என்றார்கள். அந்தச் சில நிமிஷங்களை அறிவிக்கத் தோட்டத்தில் ஒரு சாதனம்தான் இருந்தது. பக்கத்து மேட்டில், ஆட்கள் காலையில் வேலைக்கு வரிசை கூடும் பெரட்டுக்களத்தில், இரும்புக் கம்பத்தில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. காலையில் ஆட்களை வேலைக்குக் கூட்டுவதும் அதன் ஓசைதான்.

அந்த ஓசையைத்தான் ஷாமிளா பாட்டாக்கியிருந்தார்.

அவர் பிறந்தது மேல் லயத்தில், 1989இல். அப்பா ரப்பர் பால் வெட்டினார், அம்மா கொழுந்து பறித்தார். உயர்தரம் முடித்துவிட்டு, பிள்ளைக்காம்பரா வேலைக்கான பயிற்சிக்காகக் கேகாலையில் ஒரு வருஷம் அறை எடுத்துத் தங்கினார். தாய்மார் மலைக்குப் போகும் நேரத்தில் குழந்தைகளை வைத்துப் பார்க்கும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. கேகாலையில் அவர் தங்கிய அறையை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. பாடகரின் குரலும் கிதாரும் கைதட்டலும் சுவரோடு நின்றுவிடும். சுவரைத் தாண்டி வந்து கட்டிலின் காலை அதிர வைத்தது பேஸ் கிதார் மட்டும். ஒரு பாட்டில் என்ன பாடுகிறார்கள் என்றே தெரியாமல் அந்தப் பாட்டின் எலும்பை மட்டும் கேட்டுக்கொண்டு அவர் ஒரு வருஷம் இருந்திருக்கிறார். இதை அவரே சொன்னார். இந்த மாதிரி விஷயங்களைத் தாராளமாகவே சொல்வார்.

திரும்பி வந்து தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் எல்லாருக்கும் டீச்சர் ஆனார். முதல் சம்பளங்களைச் சேர்த்து, கலைந்துபோன ஹோட்டல் வாத்தியக் குழு ஒன்றிடமிருந்து ஒரு பேஸ் கிதார் வாங்கினார். சுருதி கூட்டும் திருகுகளில் ஒன்று உடைந்திருந்தது. அந்தக் கம்பியைக் குறடால் திருகித்தான் சுருதி சேர்ப்பார். குறடு இன்றைக்கும் கிதார் உறைக்குள் கிடக்கிறது.

கிதாரின் வயர் அறுந்தபோது ஒட்டித் தரச் சொல்லிக் குருவிட்டவில் தாஸிமின் போன் கடைக்குப் போனார். தாஸிம் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"இது என்ன கிதார்? நாலு கம்பிதானே ஈக்குது. மிச்சம் ரெண்டையும் வித்துப்போட்டீங்களா?"

"உங்ககிட்ட ஆறு கம்பி இருந்து என்னா பண்றீங்க? போன்தானே ஒட்டுறீங்க."

தாஸிமிடம் உண்மையிலேயே ஆறு கம்பி இருந்தது, கடையின் பின்னறையில். அப்படித்தான் ஆரம்பித்தது. பஸ் நிலையத்தில் த்ரீவீல் ஓட்டும் இந்திக பள்ளிக்கூட பேண்டில் டிரம்ஸ் அடித்தவர். அவரும் வந்து சேர்ந்தார். ஒரே தாளத்தை விடாமல் பிடித்துக்கொண்டு இடுப்பை ஆட வைக்கும் ஃபங்க் இசை ஷாமிளாவுக்கும் இந்திகவுக்கும் பிடித்தது. கிதார் ஒலியை நீட்டிக் கலக்கித் தலை சுற்றவைக்கும் பழைய சைக்கடெலிக் ராக் தாஸிமுக்குப் பிடித்தது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தார்கள்.

முதலில் பாடத்தான் நினைத்தார்கள். தமிழில் நாலு வரி எழுதினார்கள். சிங்களத்திலும் நாலு வரி வேண்டும் என்றார் இந்திக. யாருடைய வரி முதலில் வருவது என்பதில் ஒரு வாரம் போனது. பிறகு ஷாமிளா சொன்னார்: "வார்த்த வெச்சா இது யாரு பாட்டுன்னு கேப்பாங்க. வேணாம்."

"ஹரி நங்கி," என்று, சரி தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் சொன்னார் இந்திக. "வார்த்தை இல்லேன்னா லேசிதான்."

குழுவுக்கு ஒட்டுப்பால் என்று பெயர் வைத்தார்கள். வெட்டிய பட்டையில் வழிந்து காய்ந்துபோகும் ரப்பர் பாலின் நாடா அது. இந்தப் பக்கத்துச் சிங்களவரும் ஏறக்குறைய அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள் என்பதால் அதில் தகராறு வரவில்லை.

'ஈரப் பட்டை' என்ற முதல் தொகுப்பு 2017இல் இணையத்தில் வந்தது. ஒன்பது உருப்படிகள். தாஸிமின் கிதார் தேவைக்கு அதிகமாக அழுகிறது. மூவரும் தங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒவ்வொரு உருப்படியிலும் காட்டிவிடத் துடிக்கிறார்கள். ஏழாவது உருப்படியில் மட்டும் இரண்டு நிமிஷம், எல்லாரும் களைத்துப்போனது போல, பேஸ் தனியாக நடக்கிறது. நான் திரும்பக் கேட்பது அந்த இரண்டு நிமிஷத்தை மட்டும்தான்.

இரண்டாவது தொகுப்பு 'பெரட்டு'. வந்தது 2021இல். இந்தக் கதைக்குக் காரணம் அதிலுள்ள நாலாவது உருப்படி.

தோட்டத்துக் காவல்காரர் சின்னத்தம்பிதான் காலையில் தண்டவாளத்தை அடிப்பவர். அவர் அடிப்பதில் ஒரு போக்கு உண்டு. மூன்று அடி, ஒரு மூச்சு இடைவெளி, இரண்டு அடி, மறுபடி இடைவெளி, மூன்று அடி. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, கைக்கு வந்தபடி அடித்தார். ஷாமிளா குழந்தையிலிருந்து அதைக் கேட்டுத்தான் விழித்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாஸிம் மைக்கோடு வந்தபோது சின்னத்தம்பி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். அவருடைய மனைவி மருதாயி கீழ் லயத்திலிருந்து படியேறி வந்திருந்தார்.

"சத்தத்த புடிக்க வந்திருக்காங்களாம். இந்த மனுசன் சட்டைய தேச்சிக்கிட்டு நிக்குது."

"சட்ட கசங்கியிருந்தா அடியும் கசங்கும்டி. உனக்கு என்னா தெரியும்?"

"எனக்கா தெரியாது? முப்பது வருசமா அந்த இரும்புக்கு அடுத்தபடியா நான்தான் உங்ககிட்ட மாட்டிக்கிட்டிருக்கேன்."

உருப்படிக்கு 'எட்டாவது அடி' என்று பெயர். எட்டு அடியும் தனியாக விழும். அதன் பிறகு ஒன்றுமில்லாத ஒரு கணம். ஒன்பதாவது அடி விழ வேண்டிய இடத்தில் ஷாமிளாவின் பேஸ் இறங்கும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் ஆட்கள் அதைக் கேட்டார்கள். சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் அது நல்ல இசை. தோட்டம் முழுக்க அது போன் ரிங்டோன் ஆனது. கோயில் திருவிழாவில் ஸ்பீக்கரில் போட்டார்கள். த்ரீவீல்களில் கேட்டது. குருவிட்ட பஸ் நிலையத்தில் ஆட்கள் சின்னத்தம்பியை நிறுத்தி, "அந்த மணி நீங்கதானா?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு காலைப் பெரட்டுக்கும் அவர் தொகுப்பில் இருப்பது போலவே, இன்னும் கொஞ்சம் சுத்தமாகவே அடித்தார். எட்டாவது அடி விழுந்ததும் கொழுந்துக் கூடையோடு வரும் பெண்கள் "டும் டுடும்" என்று வாயால் பேஸ் போட்டுக்கொண்டே வந்தார்கள்.

மலையில் வெடிப்பு கண்டது அதற்கு அடுத்த வருஷம்.

மண்சரிவைக் கவனிக்க அனர்த்தக் குழு ஒன்று போட்டார்கள். கூட்டம் பிள்ளைக்காம்பராவில் நடந்தது. முற்றத்தில் மழைமானி ஒன்றை நட்டு, அதைப் பார்த்து எழுதும் பொறுப்பை ஷாமிளாவிடம் கொடுத்தார்கள். ஒரு நாளில் நூற்றைம்பது மில்லிமீட்டர் தாண்டினால் தண்டவாளத்தை அடிப்பது, அடித்ததும் கீழ் லயத்து ஆட்கள் எல்லாரும் மேட்டுக்கு வந்துவிடுவது என்று முடிவானது. பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்:

"அப்ப டீச்சரு பேஸ் எடுத்துக்கிட்டு வருவாங்களா, இல்ல நாங்களே டும்முனு பாடிக்கிட்டு ஓடணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஷாமிளாவும் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் பேனாவை எடுத்தார்.

கூட்டக் குறிப்பில், இந்த ஓசை போதாது, சைரன் ஒன்று வேண்டும் என்று எழுதினார். இரண்டு வாரத்தில் வரும் என்றார்கள். மூன்று கடிதம் போட்டார். வரவில்லை. வீடு வீடாகப் போய் ரிங்டோனை மாற்றச் சொன்னார். சிலர் மாற்றினார்கள். பலர் தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்து, "நம்ம டீச்சரு பாட்ட நாங்களே அழிக்கிறதா?" என்றார்கள். அன்போடு சொன்னார்கள். அன்போடு சொல்பவர்களிடம் எப்படி வாதாடுவது?

ஒரு மத்தியானம் சின்னத்தம்பியைத் தண்டவாளத்தின் முன்னால் நிறுத்தினார்.

"அண்ணே, மழைக்கு அடிக்கிறப்போ இடைவெளி விடக் கூடாது. நிக்காம அடிக்கணும். பெரட்டுக்கு அடிக்கிற மாதிரி இருக்கவே கூடாது."

"அது என்னா கஷ்டம்?" என்று அவர் அடிக்க ஆரம்பித்தார். பத்துப் பன்னிரண்டு அடி விடாமல் விழுந்தது. பிறகு மூன்று. பிறகு இரண்டு.

"அண்ணே!"

"கை தானா போவுது டீச்சர்."

"போகக் கூடாதுண்ணே."

"சும்மா அடிக்கிறதால அப்படி. நெசமா ஆபத்துன்னா கை மறந்துரும்."

ஷாமிளாவுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. ஆபத்தில் கை எதை மறக்கும், எதைப் பிடித்துக்கொள்ளும் என்பது வாத்தியம் வாசிக்கிறவருக்குத் தெரியும். தலை குழம்பும்போது கைக்கு வருவது அது அதிகமாகச் செய்து பழகியதுதான். அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் அவரைப் பழக்கினார். மழைக்காலம் வருவதற்குள் முக்கால் நிமிஷம் வரை தாளமில்லாமல் அடிக்க வந்தது.

மே மாதக் கடைசி. புதன்கிழமை தொடங்கிய மழை வியாழக்கிழமையும் விடவில்லை. காலையிலேயே கரண்ட் போனது. பத்து மணிக்குப் போன்களில் சிக்னலும் போனது. தோட்டத்தில் வேலையில்லை, ஆட்கள் எல்லாரும் வீட்டுக்குள் இருந்தார்கள். அன்றைக்குப் பிள்ளைக்காம்பராவுக்கு வந்த மூன்று குழந்தைகளையும் மதியமே தாய்மார் கூட்டிப் போய்விட்டார்கள். ஷாமிளா போகவில்லை. பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை முற்றத்துக்குப் போய் மழைமானியைப் பார்த்து எழுதினார். மூன்றேகாலுக்கு நூற்று முப்பத்தெட்டு. மூன்றரைக்கு நூற்று நாற்பத்தேழு. அடுத்த கால் மணி நேரத்தை அவர் குறித்து வைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் பேனா இழுத்த கோடு ஒன்றுதான் இருக்கிறது.

பெரட்டுக்களம் அங்கிருந்து முப்பது தப்படி தூரத்தில் இருந்தது. சின்னத்தம்பி பொலிதீன் விரிப்பைத் தலையில் போட்டுக்கொண்டு கம்பத்தடியிலேயே நின்றிருந்தார்.

"அடிங்கண்ணே. தாண்டிருச்சு."

அவர் அடித்தார். நன்றாகத்தான் அடித்தார். விடாமல், வெறியோடு, காது கிழிகிற மாதிரி. ஷாமிளா மேட்டின் விளிம்புக்குப் போய்க் கீழே பார்த்தார். மழைக்குள் கீழ் லயத்துத் தகரக் கூரைகள் தெரிந்தன. ஒரு கதவும் திறக்கவில்லை. தகரத்தில் மழை விழும் இரைச்சலில் அந்த முதல் அடிகள் அவர்களுக்குக் கேட்டிருக்காது. இன்னும் பலமாக அடிக்கச் சொல்லித் திரும்பியபோது அது மாறிவிட்டிருந்தது. மூன்று. இரண்டு. மூன்று.

பலமாக அடிக்க வேண்டுமென்றால் கை ஓங்க வேண்டும். ஓங்கினால் இடைவெளி விழும். இடைவெளி விழுந்தால் அந்தக் கைக்குத் தெரிந்த இடைவெளிதான் விழும்.

இப்போது கீழே கேட்டது. ஐந்தாம் நம்பர் வீட்டு வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார். சட்டைப் பையைத் தடவிப் போனை எடுத்துப் பார்த்தார். மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். ஒன்பதாம் நம்பர் தாழ்வாரத்தில் பானை வைத்து மழைத்தண்ணி பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தோளைக் குலுக்கினார்கள். எட்டாவது அடி விழுந்ததும் அவர்கள் இருவரும் ஒரு கணம் அசையாமல் நின்றதை ஷாமிளா பார்த்தார். எதற்காக நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் வர வேண்டியதை வாசித்தது அவருடைய விரல்கள்.

"தாளத்த விடுங்கண்ணே! தாளம் வேணாம்!"

"விட்டுத்தான் டீச்சர் அடிக்கிறேன்!" என்று சின்னத்தம்பி கத்தினார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஷாமிளா அவர் கையிலிருந்த இரும்புக் கம்பியைப் பிடுங்கித் தானே அடித்தார். நாலைந்து அடிக்குள் தன் கையும் அதே இடத்துக்குப் போவதைக் கேட்டார். கம்பியை வீசி எறிந்தார்.

"அடிக்காதீங்க. மேல் லயத்துல இருக்கிற எல்லாரையும் கூட்டிக்கிட்டுக் கீழ வாங்க. ஓடுங்க!"

கீழ் லயத்துக்கு நூற்றுப்பன்னிரண்டு படி. கடைசி இருபதை அவர் விழுந்துதான் கடந்தார். முதல் வீட்டுக் கதவைக் காலால் உதைத்தார்.

"மலை வருது! வெளிய வாங்க!"

"டீச்சரா? கரண்டும் இல்ல, எப்படிப் பாட்டு போடுறாங்கன்னு நாங்களும் இப்பதான் பேசிக்கிட்டிருந்தோம்."

அவர் அந்த ஆளின் சட்டையைப் பிடித்து மழைக்குள் இழுத்துவிட்டார். அடுத்த வீடு. அடுத்த வீடு. ஒன்பதாம் நம்பர் பெண்களில் ஒருவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். ஷாமிளாவின் முகத்தைப் பார்த்த பிறகு பானையைப் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடிக் கதவைத் தட்டினார். அதன் பிறகு வேகம் பிடித்தது. கேட்டவர்கள் அடுத்தவர்களைக் கூப்பிட்டார்கள். பதினேழாம் நம்பர் வீட்டு சுரேந்திரனைக் கடைசி வீடுகளுக்கு அனுப்பிவிட்டு, ஷாமிளா நடக்க முடியாத ஒரு கிழவரை வேறு இருவரோடு சேர்ந்து படிக்குத் தூக்கினார்.

இருபத்தாறாம் நம்பர் சின்னத்தம்பியின் வீடு. சுரேந்திரன் போனபோது மருதாயி அடுப்படியில் இருந்தார். அங்கே நடந்ததைச் சுரேந்திரன் பிறகு ஒரே தடவைதான் சொன்னார்.

"மருதாயிக்கா, ஓடி வாங்க. மண்ணு சரியப் போவுதாம்."

"யாரு சொன்னா?"

"கேக்கலியா, மணி அடிச்சாங்களே!"

"எங்க வூட்டு மனுசன் அடி எனக்குத் தெரியாதா? ஆபத்துக்கு அடிக்கிறதுன்னா வேற மாதிரி அடிக்கணும்னு டீச்சரு பழக்கியிருக்காங்க. இது பாட்டு அடி. மழையில சும்மா நிக்க முடியல அதுக்கு."

"அக்கா, டீச்சரே வந்து கதவ ஒதைக்கிறாங்க!"

"சரி, நீ போ. சோறு குழைஞ்சிரும், வடிச்சிட்டு வந்துர்றேன்."

சுரேந்திரன் அவர் கையைப் பிடித்து இழுத்தார். அவர் கையை உதறிவிட்டுச் சிரித்தார். அடுத்த இரண்டு வீடுகளில் குழந்தைகள் இருந்தார்கள். சுரேந்திரன் அங்கே போனார்.

மலை வந்த சத்தத்தைப் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். லொறி என்றார் ஒருவர். சத்தமே இல்லை, மரங்கள் நின்றபடியே நடந்து வந்தன என்றார் இன்னொருவர். இருபத்து நாலாம் வீடு வரைக்கும் மிஞ்சியது. அதற்கு அப்பால் நாலு வீடுகள் இல்லை. கீழ் லயத்தில் நூற்றுப் பத்துப் பேர். மேட்டில் எண்ணியபோது நூற்று ஒன்பது பேர்.

மேல் லயத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு படியிறங்கி வந்த சின்னத்தம்பி பாதிப் படியில் நின்றுவிட்டார். அவர் நின்ற இடத்திலிருந்தே தன் வீடு இருந்த இடம் தெரிந்தது. மருதாயியை மறுநாள் மத்தியானம்தான் எடுத்தார்கள்.

ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். பிறகு தகரக் கொட்டில்கள் போட்டார்கள். சிக்னல் திரும்பி வந்தபோது ஒரு விஷயத்தை எல்லாரும் கவனித்தார்கள். எவருடைய போனிலும் அந்த ரிங்டோன் இல்லை. மாற்றச் சொல்லி யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. ஷாமிளாவைக் குறை சொன்னவரும் இல்லை. "டீச்சர் இல்லாட்டி நாங்க இல்ல" என்றுதான் சொன்னார்கள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவர் எழுந்து வேறு வேலை பார்க்கப் போனார். பழி வந்திருந்தால் மறுக்கலாம், அல்லது ஏற்கலாம். நன்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சைரன் நாற்பது நாள் கழித்து வந்தது.

மூன்றாவது தொகுப்பு 'தரை'. பாதி வேலை மண்சரிவுக்கு முன்பே முடிந்திருந்தது, மீதியை 2024இல் முடித்தார்கள். ஆறே உருப்படிகள். தாஸிமின் கிதார் அழுவதை நிறுத்தியிருக்கிறது. பேஸ் எங்கேயும் திடீரென்று இறங்குவதில்லை, முதல் நொடியிலிருந்தே இருக்கிறது. மூன்று தொகுப்புகளில் கூடுதல் நேர்மை இதில்தான். நல்லதா என்று கேட்டால் இன்னும் கொஞ்ச நாள் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

சென்ற வருஷம் ஐரோப்பாவிலிருந்து ஒரு சின்னக் கம்பெனி கடிதம் எழுதியது. 'பெரட்டு' தொகுப்பைப் பெரிய இசைத்தட்டாக அச்சடிக்க அவர்களுக்கு விருப்பம். தட்டில் எந்த உருப்படி எந்த வரிசையில் வர வேண்டும் என்று எழுதி அனுப்பச் சொன்னார்கள். தாஸிமின் கடைப் பின்னறையில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

"நாலாவத எடுத்துப் போடுவம்," என்றார் தாஸிம். "எங்களுக்கு வேற எட்டு ஈக்குதானே."

இந்திக ஆமென்று தலையை ஆட்டினார். "ஓவ். அது வேண்டாம் நங்கி. அந்த மனுஷனுக்குப் பாவம்."

இரண்டு பேரும் பேசி முடித்த பிறகு ஷாமிளா, "ரெண்டு நாள் குடுங்க," என்றார்.

மறுநாள் சின்னத்தம்பியின் கொட்டிலுக்குப் போனார். அவர் காவல் வேலையை விட்டிருந்தார். வாசலில் உட்கார்ந்து ஒரு செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். உக்காருங்க."

"அண்ணே, அந்தப் பாட்ட வெளிநாட்டுல தட்டாப் போடப் போறாங்க. அத மட்டும் எடுத்துறலாம்னு தாஸிமும் இந்திகவும் சொல்றாங்க."

சின்னத்தம்பி ஊசியை வாரில் குத்தி நிறுத்தினார்.

"நீங்க என்னா சொல்றீங்க?"

"உங்கள கேட்டுக்கிட்டுச் செய்யலாம்னு வந்தேன்."

அவர் செருப்பைக் கீழே வைத்தார். "அடிச்சது நானு. வாசிச்சது நீங்க. கேட்டுக்கிட்டு உள்ளேயே இருந்தது அவ. இதுல யாருக்கு எவ்வளவுன்னு பிரிக்க முடியுமா டீச்சர்? நானும் பாத்துட்டேன், முடியல."

சின்னத்தம்பி செருப்பை மறுபடி கையில் எடுத்தார்.

"எனக்கு எடுன்னும் சொல்ல வரல, வையின்னும் சொல்ல வரல. நீங்க செய்யிறத செய்யுங்க. ஆனா செஞ்சிட்டு எங்கிட்ட வந்து சொல்ல வேணாம்."

"சரிண்ணே."

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

குடித்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த நாள் சாயங்காலம் தாஸிம் எட்டு உருப்படிகளின் பெயரைக் கம்ப்யூட்டரில் வரிசையாகத் தட்டி வைத்திருந்தார். ஷாமிளா பின்னால் நின்று படித்தார். பிறகு குனிந்து, அந்தப் பட்டியலுக்கு மேலே, தலைப்புக்கு அடுத்த வரியில், 'எட்டாவது அடி' என்று தட்டினார். நாலாவதாக இருந்தது முதலாவதாகியிருந்தது.

தாஸிம் திரும்பிப் பார்த்தார். "முதலாவதாவா? தட்டப் போட்ட ஒடனே அதா?"

"ஆமா."

"என்னத்துக்கு ஷாமிளா? வைக்கிறதுன்னா பழைய எடத்துலயே வைக்கலாமே. யாரும் அவ்வளவாக் கவனிக்க மாட்டாங்க."

"கவனிக்கட்டும்." அவர் திரையிலிருந்த பட்டியலை மேலிருந்து கீழே இன்னொரு தடவை படித்தார். எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்தினார்.

"அனுப்புங்க," என்று சொல்லிவிட்டு நீலகந்த பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.